கிளம்பிவிட்ட பைகள்

உக்காருங்க மாப்பிள்ள. பையத் தர மாட்டேன்னு நான் சொல்லல. இப்பத் தர மாட்டேன்னுதான் சொல்லுதேன். இன்னைக்குச் செவ்வாக்கிழமை. மணி மூணு அடிச்ச சத்தம் அடங்கல, நீங்க வந்து பெல்லடிக்கீங்க. ராகு காலம் இப்பத்தான் தொடங்கியிருக்கு. நாலரை வரைக்கும் இந்த வீட்லருந்து ஒரு ஊசிகூட வெளிய போகாது. நீங்க கலெக்டரக் கூட்டிட்டு வந்தாலும் இதான் பதில்.

அங்க வேண்டாம், ஃபேனுக்கு நேரா உக்காருங்க. வண்ணாரப்பேட்டையில சித்திரை வெயில் என்ன செய்யும்னு சேலத்துக்காரங்களுக்கு எங்க தெரியப்போகுது? இந்தாங்க காபி. குடிக்கலாம், குடிக்கலாம். காபிக்கெல்லாம் ராகு காலம் கெடையாது. புதுசா ஒண்ணைத் தொடங்கப்படாது, பொருளைக் கைமாத்தப்படாது, அவ்வளவுதான். கைமுறுக்கு இருக்கு, கொறிச்சுக்கிட்டே இருங்க. போன வாரம் சுத்துனது, இன்னும் நமுக்கல.

ஒங்க மாமியார நெனச்சாத்தான் எனக்கு ஆச்சரியமா இருக்கு. உலகம்மா, பல்லு விளக்கவே நல்ல நேரம் பாக்கறவ. பெத்த மகளுக்குப் புது மாப்பிள்ளை, அவரப் போயி செவ்வாக்கிழமை மூணு மணிக்கு ஒரு வீட்டுக்கு அனுப்புதா. ஒரு வருசம் என்கூடப் பேசாம இருந்ததுல எல்லாம் மறந்துபோச்சு போல. நான் பக்கத்துல இருந்தா இப்படி விட்டிருப்பனா?

நான் யாருன்னு சொன்னாளா? "பழைய சிநேகிதி பிரமநாயகின்னு ஒருத்தி, அவ வீட்ல ரெண்டு பை கெடக்கு, எடுத்துட்டு வாங்க"ன்னு சொன்னாளாக்கும். கெடக்கு! கேட்டுக்கிடுங்க. கெடக்கவிடற ஆளா நான்? மாசம் ஒரு தடவை மாடிக்குக் கொண்டு போயி வெயில்ல வச்சு, வசம்புத் துண்டு போட்டு, துடைச்சு வைக்கேன். அந்தா பாருங்க, பீரோ பக்கத்துல. நீலம் உலகோடது. பச்சை ஞானப்பூவோடது. அவ அவ வீட்ல இருந்தா இந்நேரம் பாச்சை அரிச்சிருக்கும்.

ஞானப்பூ யாருன்னு தெரியும்லா? பாத்திருப்பீங்க. நெட்டையா, நரைச்ச முடியக் கட்டையா வெட்டிக்கிட்டு, தானே கார் ஓட்டிக்கிட்டு வருவா. அவ வீட்டுக்காரரு டிரைவிங் ஸ்கூல் வச்சிருந்தாரு, அதுல படிச்ச பழக்கம். நாங்க மூணு பேரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ட்ரங்க் கால் ஆபரேட்டர். ஒரே வருசம் சேந்தோம். ஒரே போர்டு முன்னால பக்கத்துப் பக்கத்து ஸ்டூல்.

இப்ப நீங்க பொசுக்குன்னு போனத் தட்டி அமெரிக்காவுக்குப் பேசிருதீங்க. அப்ப டெல்லிக்குப் பேசணும்னா பதிஞ்சு வச்சிட்டு, வீட்டுக்குப் போயி சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சு வரணும். நாங்க இங்க காதுல மாட்டிக்கிட்டு மெட்ராஸ், நாக்பூர், குவாலியர்னு ஒவ்வொரு ஊர்க்காரியாக் கெஞ்சணும். கயத்தாறு பக்கம் ஒரு அம்மா, மகன் ஜம்முல பட்டாளத்துல. நாள் பூரா பெஞ்சுல உக்காந்திருந்தா. லைன் கெடச்சதும் மகன் "அம்மா"ங்கான், இவ அழுதுகிட்டே இருக்கா, ஒரு வார்த்தை வரல. மூணு நிமிசம் முடிஞ்சிட்டு. கட் பண்ணணும், அதான் சட்டம். நான் பண்ணல. சூப்பர்வைசர் மெமோ குடுத்தாரு. குடுத்துட்டுப் போறாரு.

அந்த ஊரெல்லாம் எங்களுக்குக் குரலாத்தான் தெரியும். நாக்பூர்க்காரி எப்பவும் தொண்டை கட்டுன மாதிரி பேசுவா. ஜான்சிக்காரிக்குச் சீக்கிரம் கோவம் வரும். ஒரு நாள் அந்த ஊரையெல்லாம் வரிசையாப் பாத்துறணும்டின்னு ஞானப்பூதான் மொத ஆரம்பிச்சா. ரயில் வேண்டாம், பிளேன் வேண்டாம், கார்ல, ரோட்டோட. நம்ம கே.டி.சி. நகர் பக்கம் நாலு வழிச் சாலை போகுதுல்லா, அதுல ஏறி வடக்க பாத்துப் போய்க்கிட்டே இருந்தா அது ஸ்ரீநகர்லதான் கொண்டுபோய் விடும். யார்கிட்டயும் வழி கேக்க வேண்டாம். கோடையிலதான் போகணும், அப்பத்தான் அங்க பனி இருக்காது. மூணு பேரும் ரிட்டயர் ஆகட்டும்னு காத்துக்கிட்டே இருந்தோம்.

யோசனை அவளோடது. ஏற்பாடு பூராவும் என்னோடது. வெறும் யோசனைய வச்சுக்கிட்டு மதுரை தாண்ட முடியுமா? யாரு எங்க உக்காரணும், எங்க எறங்கணும், என்ன திங்கணும், எல்லாம் நான்தான் முடிவு பண்ணேன். வழியில ரொட்டிய நம்பி நம்மால உசுரோட இருக்க முடியாது, அதனால அரிசி, இட்லிப்பொடி, பருப்புப்பொடி, ஒரு கரண்ட் அடுப்பு. ஆளுக்கு ஒரு பை. உலகு வண்டிக்குள்ள மகளோட போன்ல பேசப்படாது, அவ பேச ஆரம்பிச்சா ரெண்டு மாவட்டம் தாண்டிரும். ஞானப்பூ பாட்டுப் பாடப்படாது. பாட்டுன்னா அவளுக்கு கீர்த்தனைப் பாட்டு, குரலெடுத்துப் பாடுவா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வேணும்னா ஒண்ணு பாடிக்கலாம்னு சலுகை குடுத்திருந்தேன். நான் ஒண்ணும் ராட்சசி இல்ல.

ஒத்திகைகூடப் பாத்தோம். கோவில்பட்டி வரைக்கும். எவ எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை எறங்கணும்னு சொல்லுதான்னு பாக்கணும்லா? கயத்தாறு வாறதுக்குள்ள உலகு, "பிரமு, மோர் குடிக்கணும் போல இருக்கு"ன்னா. இப்ப மோர் குடிச்சா இன்னும் அரை மணி நேரத்துல எறங்கணும்பே, வாய மூடிக்கிட்டு வான்னேன். ஞானப்பூ ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கா. "எட்டி, நாம டூர் போறோமா, ஜெயிலுக்குப் போறோமா?"ன்னு கேக்கா. கேக்கட்டும். ஒழுங்கா இருந்தாத்தான் ஊர் போய்ச் சேர முடியும்.

சிரிக்காதீங்க மாப்பிள்ள. நான் சீரியஸாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

நாள்தான் அமையல. ரிட்டயர் ஆன மொத கோடையில ஞானப்பூ ரெடி, கார் ரெடி. உலகுக்கு நடு வழியில சந்திராஷ்டமம் வந்துச்சு. ராசிக்கு எட்டுல சந்திரன். மாசத்துக்கு ரெண்டு நாளாச்சும் எல்லாருக்கும் வரும்தான், ஆனா ஜான்சி பக்கத்துல ரோட்ல இருக்கும்போது வந்தா என்ன செய்வீங்க? உலகு "பரவால்லட்டி, அன்னைக்கு நான் வாயே திறக்கல"ன்னு சொன்னா. அவ சொல்லுவா. பொறுப்பு என்னோடது. அதுக்கடுத்த கோடையில எனக்கு வந்துச்சு. அதுக்கடுத்து, நாள் எல்லாம் பொருந்தி வந்த நேரத்துல என் கனவுல வண்டி டயர் வெடிச்சுது. நீங்களே சொல்லுங்க, அதுக்கு மேல எப்படிக் கிளம்ப முடியும்?

ஞானப்பூ வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, அவளுக்கு இதெல்லாம் கெடையாது. ஆனா ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா. "சரி, ஒன் பஞ்சாங்கம் எப்பச் சொல்லுதோ அப்பச் சொல்லு, சாவி ஆணியில தொங்குது"ன்னுட்டுப் போயிருவா. அதுல ஒரு நக்கல் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நான் கண்டுக்கிடறதில்ல.

எனக்குப் பஞ்சாங்கம் நல்லது செஞ்சதான்னு கேட்டா, அது வேற கதை. எனக்குச் செவ்வா தோசம். வந்த எடமெல்லாம் சாதகத்தப் பாத்துட்டுத் தட்டிப்போச்சு. பொறவு வரதும் நின்னுபோச்சு. அதுக்காக நான் பஞ்சாங்கத்தோட கோவிச்சுக்கிட்டேனா? இல்லையே. அது உள்ளதச் சொல்லுது. உள்ளதச் சொல்றவங்களோட கோவிச்சுக்கப்படாது. இந்தா, இன்னொரு முறுக்கு எடுத்துக்கிடுங்க.

போன வருசம் சித்திரையில அப்படி ஒரு நாள் வந்துச்சு பாருங்க. வெள்ளிக்கிழமை, மூணு பேருக்கும் தாரா பலன், வடக்க சூலம் இல்ல. லட்டு மாதிரி நாள். அன்னைக்குன்னு பாத்து கார் ஒர்க் ஷாப்புல நிக்குது. ஞாயித்துக்கிழமைதான் தருவானாம். நாளை விட முடியுமா? அப்பத்தான் நான் சொன்னேன், பரஸ்தானம் வச்சிருவோம்னு.

தெரியாதா? சேலத்துல கெடையாதா, இல்ல ஒங்க வயசுக்குத் தெரியாதா? நல்ல நேரத்துல நீங்க கிளம்ப முடியலன்னா, ஒங்க பைய மட்டும் அந்த நேரத்துல வீட்ட விட்டு வெளியேத்தி இன்னொரு வீட்ல வச்சிரணும். பை கிளம்பினா நீங்க கிளம்பின கணக்கு. பொறவு நீங்க எப்பப் புறப்பட்டாலும் சரி, ராகு காலமோ எமகண்டமோ, எதிர்ல எண்ணெய்ச் சட்டி வந்தாலும் சரி, ஒங்களை ஒண்ணும் செய்யாது. ஆனா கிளம்பின பை, பயணம் போகாம வீட்டுக்குத் திரும்பப்படாது. அது ஆகாது.

வெள்ளிக்கிழமை காலையில நல்ல நேரத்துல ரெண்டு பேரும் பையோட இங்க வந்தாளுக. உலகு மஞ்சத்துணியில அரிசி முடிஞ்சு அவ பைக்குள்ள போட்டுக்கிட்டா. ஞானப்பூவும் "எனக்கும் ஒரு பிடி போடு, கெடந்துட்டுப் போகுது"ன்னு நீட்டுனா. கற்பூரம் கொளுத்துனோம். உலகு அழுதுட்டா. எனக்கும் கண்ணு கலங்கிப்போச்சு. கிளம்பிட்டோம்லா!

ஞாயித்துக்கிழமை காலையில கார் வந்துச்சு. மூணு பையும் ஏத்துனோம். எலுமிச்சம்பழத்த நசுக்கி வண்டி நகந்துட்டு. தெரு முக்கு திரும்பல, துணி தேய்க்கற முருகையா இருக்கான், அந்தச் சவம், பெட்டியக் கீழ வச்சிட்டு, "என்னக்கா, மூணு பேருமா எங்க கிளம்பிட்டிய?"ன்னு கேக்கான்.

எங்க போறன்னு கேட்டுட்டான்! புறப்படையில கேக்கலாமா? நிறுத்துட்டின்னேன். ஞானப்பூ நிறுத்தல. திரும்பி வீட்டுக்குப் போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, கொஞ்சம் உக்காந்துட்டுக் கிளம்புவோம்னு சொல்லுதேன், அவ காதுலயே வாங்கல. கே.டி.சி. நகர் வந்துட்டு. நாலு வழிச் சாலையில ஏறப்போறா. அந்தப் பச்சைப் பலகையில மதுரைன்னு போட்டு அம்புக்குறி. எனக்குக் கைகாலெல்லாம் நடுங்குது. நான் கதவத் திறந்துட்டேன். வண்டி போய்க்கிட்டு இருக்கையிலே திறந்துட்டேன். உலகு கத்துனா பாருங்க, ஒரு கத்து. அப்பத்தான் ஞானப்பூ ஓரமா நிறுத்துனா.

வண்டியத் திருப்பிக் கொண்டாந்து இந்த வாசல்ல நிறுத்துனா. நாங்க தண்ணி குடிச்சு உக்காந்து எந்திரிச்சு, மறுபடி வண்டியில ஏறறதுக்குள்ள நேரம் கெட்டுப்போச்சு. அடுத்த வாரம் பாப்போம்னு நான் சொன்னேன். அப்பத்தான் அவ அந்த வார்த்தையச் சொன்னா. இன்னைய வரைக்கும் என் காதுல நிக்குது.

"பிரமு, ஒன் சட்டப்படியே சொல்லுதேன். என் பையும் உலகு பையும் முந்தாநாளே நல்ல நேரத்துல வீட்ட விட்டுக் கிளம்பியாச்சு. முருகையா கேட்டது எங்களுக்கு ஒட்டாது. ஒன் பை? அது ஒன் வீட்லயேல்லா இருந்துச்சு. அது எங்கட்டி கிளம்பிச்சு? ஒனக்குத்தான் சகுனம். நீ எறங்கு. நாங்க போய்ட்டு வாறோம்."

எறங்குங்கா! நாப்பது வருசப் பழக்கம். ஏற்பாடு பூரா நான். என்னைய எறங்குங்கா. உலகாவது வாயத் திறந்து "ஏட்டி, அப்படிச் சொல்லாத"ன்னு சொல்லுவான்னு பாத்தேன். அவ ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டா.

எறங்குனேன். டிக்கியத் திறந்தேன். மூணு பையையும் எடுத்து உள்ள கொண்டாந்து வச்சிட்டுக் கதவச் சாத்திட்டேன். தட்டுனாளுக. திறக்கல. கிளம்பின பைய அவ அவ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா என்ன ஆகும்? ஆகாதுல்லா? சாஸ்திரத்துக்காகத்தான் வச்சிருக்கேன். வேற எதுக்காகவும் இல்ல. பை இல்லாமலே போயிருக்கலாமே, கடையில துணி இல்லையா? போகலையே. ஏன் போகல? அதையும் நீங்க ஒங்க மாமியார்கிட்டக் கேக்கணும்.

அன்னையோட பேச்சு நின்னுபோச்சு. ஆவணியில உலகு மகளுக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை தபால்ல வந்துச்சு. தபால்ல! அந்தப் பிள்ளைக்குப் பேரு வச்ச அன்னைக்கு மூணாவதாக் காதுல சொன்னது நான். தபால்ல வந்த பத்திரிகைக்கு எவ போவா? நான் போகல. ஆனா ஒங்கள மாலையும் கழுத்துமாப் பாத்திருக்கேன். மண்டபத்துக்கு எதுத்தாப்ல மருந்துக் கடை இருக்குல்லா, அங்க ஒரு சோலியாப் போயிருந்தேன். முகூர்த்த நேரம்னு எனக்கு நெனப்பே இல்ல. பட்டு வேட்டி ஒங்களுக்கு எடுப்பா இருந்துச்சு.

போன் அடிக்கே. எடுங்க. உலகா? பேசுங்க, பேசுங்க. போன் பேசறதுக்கும் ராகு காலம் கெடையாது. நான் காதப் பொத்திக்கிடட்டா?

என்ன கேக்கா? ஸ்வெட்டரா? நீலப் பையிலதான் இருக்கு, சிவப்புக் கலர்ல, அடியில கெடக்குன்னு சொல்லுங்க. நான் மடிச்சுத்தான் வச்சிருக்கேன். வச்சிட்டாளா?

மாப்பிள்ள. இந்தச் சித்திரை வெயில்ல, திருநெல்வேலியில, உலகம்மாளுக்கு ஸ்வெட்டர் எதுக்கு?

ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? காபி டம்ளரையே பாத்தா எப்படி? என்னையப் பாத்துச் சொல்லுங்க. போறாளுகளா? ரெண்டு பேருமா? என்னைக்கு? வியாழக்கிழமையா?

நாளைக்கு மறுநாள்.

சும்மா இருங்க, ஒங்க மேல என்ன கோவம்? ஒங்களுக்கு மறைக்கத் தெரியல, நல்ல பிள்ளை. எனக்குத்தான் ஒரு மாதிரி வருது. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாறேன்.

வலிக்குது மாப்பிள்ள. ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. வலிக்குது. நான் இல்லாம ஜான்சி வழியாப் போவாளுக. ஜம்மு ரோட்ல நின்னு போட்டோ எடுப்பாளுக. அந்தக் கயத்தாறு அம்மாவுக்கு லைன் வாங்கிக் குடுத்தது நான். அவளுகளுக்கு அந்த ஊர்ல என்ன இருக்கு? எத்தனை மணிக்காம் கிளம்பறது? காலைல ஆறா? வியாழக்கிழமை ஆறு மணிக்கு எமகண்டம்! சரியான எமகண்டம்! கேக்க ஆள் இல்லன்னா இப்படித்தான் போவாளுக. போகட்டும். பைகளும் போகட்டும். நாலரைக்குத் தூக்கிட்டுப் போங்க. எனக்கென்ன?

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்குப் பயம்னு அவ சொன்னாளா?

எனக்கா பயம்? மெமோ குடுத்த சூப்பர்வைசர் முன்னால நின்னு, ஆமா, கட் பண்ணல, என்ன செய்வீங்கன்னு கேட்டவ நான். தனியா ஒரு வீட்டக் கட்டி, ஒத்தை ஆளா இருந்துகிட்டு இருக்கேன். ஓடற வண்டியில கதவத் திறந்தவ. பயந்தவ எவளாச்சும் அப்படித் திறப்பாளா? மதுரைக்கு வடக்க நான் போனதில்ல, சரி. அது போக வாய்ப்பு வரல. கூட்டிட்டுப் போக ஆள் இல்ல. வந்தப்ப நாள் நல்லாயில்ல. அதுக்குப் பேரு பயமா? பெரிய கண்டுபிடிப்பு கண்டுபிடிச்சிட்டா உலகு. அந்தப் பச்சைப் பலகையப் பாத்ததும் கைகால் நடுங்குச்சுன்னு சொன்னேன். அது முருகையா கேட்டதுனால. அவ்வளவுதான்.

சரி, அது கெடக்கட்டும். ரெண்டு பேரும் முன்னால உக்காருவாளுக. பின் சீட்டுல யாரு? ஞானப்பூ தங்கச்சியா? அவ நொறுக்குத் தீனி தின்னே வண்டியக் குப்பையாக்கிருவாளே. அவ இல்லையா? பொறவு யாரு?

யாரும் இல்லையா? காலியாவா கொண்டுபோறாளுக? அவ்வளவு பெரிய சீட்ட? சாமானெல்லாம்? டிக்கியிலயா? பின் சீட்டுல ஒரு சாமான் வைக்கப்படாதுன்னு ஞானப்பூ சொல்லிட்டாளா? அவளே சொன்னாளா?

சொல்லியிருக்கா.

கொஞ்சம் இருங்க. எனக்கு ஒண்ணு ஓடுது. உலகு ஒங்களை எத்தனை மணிக்கு வீட்ட விட்டுக் கிளப்புனா? மதியச் சாப்பாடு முடிஞ்சதும் நீங்க கிளம்பறேன்னீங்க, அவ கொஞ்சம் இருங்க, மூணுக்குப் போய்ச் சேர்ற மாதிரிப் போங்கன்னாளா? இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா!

அவளுக்குத் தெரியும் மாப்பிள்ள. ராகு காலத்துல ஒங்கள அனுப்புனா நான் பையத் தர மாட்டேன், உக்கார வச்சிருவேன்னு தெரியும். உக்கார வச்சா நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேன்னும் தெரியும். ஒங்களுக்கு மறைக்கத் தெரியாதுங்கறதும் தெரிஞ்சிருக்கும். நேர்ல வந்து "பிரமு, வாட்டி"ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா அவ தாலி அறுந்துருமா? கூப்பிட மாட்டா. வீம்பு. எனக்கு மட்டும்தான் வீம்புன்னு ஊர்ல பேர்.

நாள்காட்டியப் பாருங்க. நீங்களே பாருங்க, என் கண்ணாடி உள்ள இருக்கு. இன்னைக்கு நல்ல நேரம் சாயங்காலம் எத்தனைக்குப் போட்டிருக்கு? நாலரைலருந்தா? நான் சொன்னேன்லா. ராகு காலம் முடிய, நல்ல நேரம் பிறக்கு. செவ்வாக்கிழமை வடக்கதான் சூலம். உலகு வீடு பெருமாள்புரம், இங்கருந்து தெற்க. தெற்க போறதுக்குச் சூலம் இல்ல.

இந்தக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு அந்தக் காப்பிக் கலர்ப் பைய இழுங்க மாப்பிள்ள. எனக்கு முட்டி மடங்காது. ஆங், அதான். ஒரு வருசமா இதை நான் வெயில்ல வைக்கல, தூசியத் தட்டிருங்க. கனமில்லாம இருக்கா? சேலையெல்லாம் எடுத்துக் கட்டிட்டேன். ஸ்வெட்டர் மட்டும் உள்ள கெடக்கும். கடை அட்டைகூட நான் பிய்க்கல. இருங்க, நாலு சேலை எடுத்துட்டு வாறேன். அந்த மஞ்சத்துணி எங்க வச்சேன்? இந்தா இருக்கு. ஒரு பிடி அரிசி. போதும்.

நாலரையா? செகண்டு முள்ளு தாண்டட்டும். தாண்டிட்டா? சரி.

நீலத்தையும் பச்சையையும் ஒங்க வண்டியில முன்னால வைங்க. அது ரெண்டும் ஏற்கெனவே கிளம்பினது. இதை நான் தாறேன், கையில வாங்குங்க. வலது கால எடுத்து வச்சு வாசல் நடையத் தாண்டுங்க. ஆச்சு.

என்ன அழுகையா? எனக்கென்ன அழுகை, கண்ணுல தூசி விழுந்துட்டு. நீங்கதான தட்டுனீங்க.

போய் ஞானப்பூகிட்டச் சொல்லுங்க. பிரமநாயகி பையும் நல்ல நேரத்துல அவ வீட்ட விட்டுக் கிளம்பியாச்சு. வியாழக்கிழமை ஆறு மணிக்கே வண்டிய எடுக்கட்டும். எமகண்டம் என்னைய ஒண்ணும் செய்யாது. இனி எவளும் என்னைய எறங்குன்னு சொல்ல முடியாது. அஞ்சே முக்காலுக்கு இந்த வாசல்ல நிப்பேன், ஹாரன் அடிக்கச் சொல்லுங்க. நான் இல்லாமக் கிளம்பினா என் பை உலகு வீட்ல கெடக்கும், அது திரும்பப்படாது, அந்தப் பாவம் அவளுகளுக்கு. உலகுக்குத் தனியாச் சொல்லுங்க, அவ மோர் குடிக்கலாம். எத்தனை தடவைன்னாலும் எறங்கலாம். ஞானப்பூ பாட்டு மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான்.

சரி, காலைலயும் ஒண்ணு பாடட்டும். கிளம்பையில.

பாத்துப் போங்க. முக்குல முருகையா பெட்டியோட நிப்பான். மூணு பையோட ஒங்களப் பாத்தா அவனுக்கு வாய் சும்மா இருக்காது. எங்க போறீங்கன்னு கேப்பான். கேட்டா கேட்டுக்கிட்டே நிக்கட்டும், நீங்க வண்டிய நிறுத்தாமப் போய்க்கிட்டே இருங்க.